உறைந்திருக்கக் கூடாத உப்புநீர்

1

அன்று அங்கே இருந்தவர்கள்: பெரியப்பா. அவருடைய காலஞ்சென்ற தம்பியின் மகள்; ஆராய்ச்சியாளர்; வீட்டில் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய அம்மா. அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவியான பேராசிரியை. குளிரறைக்குப் பொறுப்பாளர், காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பவர்; அவரைக் குளிரறைக்காரர் என்று சொல்லிக்கொள்வோம். ஆக ஐந்து பேர். தாமும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிற உறவினர்கள் உண்டு. அவர்கள் இல்லை.

கதையை இப்படித் தொடங்குவது அழகில்லைதான். ஆனால் பெரியப்பா முப்பத்தாறு வருடம் கடைகளின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை வைத்த ஆய்வாளர். சோதனை அறிக்கை என்றால் உடனிருந்தவர்கள் பெயர்தான் முதல் வரி. கை அப்படியே பழகிவிட்டது. இதை எழுதுகிறவரும் அவரேதான். ‘நான்’ என்று எழுத அவருக்கு வரவில்லை. ‘ஆய்வாளர் கண்டார்’, ‘ஆய்வாளர் கேட்டார்’ என்று எழுதியே ஓய்வு பெற்றவர். எனவே இந்தப் பக்கங்களில் அவர் பெரியப்பா.

இதை எழுதச் சொன்னது குண்டூசி. “அன்னைக்கு நடந்ததை நீங்களே எழுதி வச்சிடுங்க பெரியப்பா. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.” அதற்கென்ன, எழுதிவிட்டால் போகிறது என்றார். எட்டு மாதம் ஆகிறது. ஏழு முறை தொடங்கினார். ஏழு முறையும் பேனா ஒரே இடத்தில் நின்றது. குளிரறைக்குள் பெரியப்பா அவளிடம் சொன்ன ஒரு பேச்சு, ஐந்தே சொற்கள். அவற்றை எழுதினால் குடும்பத்தின் பெயர் என்ன ஆகும் என்று ஒரு பயம். எழுதாவிட்டால் குண்டூசி செய்த காரியம் வேறு யாருடையதாகவோ ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில்தான் இந்தக் கதை மாட்டிக்கொண்டிருக்கிறது.

2

கைவிட்ட தொடக்கங்களில் இரண்டு.

*மனித மூளை ஒரு மகா சமுத்திரம். அதன் ஆழத்தில்* — வேண்டாம். பெரியப்பா சமுத்திரத்தை அளந்தவர் இல்லை. அளக்காததைப் பற்றி எழுதக் கூடாது.

*நேர்மைக்குப் பெயர்போன ஒரு குடும்பத்தில்* — இதுவும் வேண்டாம். தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வதாக இருக்கிறது. ஆனால் அதில் பொய் இல்லை. வீட்டு வாசலில் ஒரு கடைக்காரர் இறக்கிவிட்டுப் போன பழக்கூடையை, கொண்டு வந்த ஆளின் சைக்கிளிலேயே கயிறு போட்டுக் கட்டித் திருப்பி அனுப்பிய குடும்பம் அது. பெரியப்பாவின் அப்பாவும் முத்திரை ஆய்வாளர். தம்பியும் அதே துறை. “அவங்க வீட்டு ஆளுங்களா? தண்ணியைக்கூட நிறுத்துட்டுத்தான் குடிப்பாங்க” என்று ஊரில் கேலி உண்டு. அந்தக் கேலியை அவர்கள் பட்டம் மாதிரி சுமந்தார்கள்.

3

நான்கு நாள் விடுமுறைக்குப் பிறகு ஆய்வுக்கூடம் திறந்த காலை. குண்டூசியின் கட்டுரை வெளியாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதன் முதல் பக்கத்தைப் பெரியப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார். அதில் அவருக்குப் புரிந்தது குடும்பப் பெயர் மட்டும்தான். அது போதும் என்று இருந்தவரை, “ஒரு தடவை வந்து பாருங்களேன், நான் என்ன பண்றேன்னு” என்று அவள்தான் அழைத்துப் போனாள். கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டு போனார்.

நீளமான மேசைகள். மூடி போட்ட சின்னச் சின்னக் குப்பிகள். எங்கோ ஒரு சுழலும் இயந்திரத்தின் ரீங்காரம். குண்டூசி ஒரு திரையில் சாம்பல் நிறப் படம் ஒன்றைக் காட்டினாள். கிண்ணத்தில் கொட்டிய ஜவ்வரிசி போல வட்டம் வட்டமாக நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது.

“இதெல்லாம் என்னடி?” என்றாள் அம்மா.

“பைம்மா. நரம்போட நுனியில இருக்கிற பை. பக்கத்து நரம்புக்குச் சொல்ல வேண்டிய செய்தி இதுக்குள்ளதான் இருக்கு. இது எலி மூளையில எடுத்தது.”

“எலியா? வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவறியா நீ?”

“எவ்வளவு பெரிசு ஒரு பை?” என்றார் பெரியப்பா.

“ஒரு மில்லிமீட்டருக்குள்ள இருபத்தஞ்சாயிரம் பையை வரிசையா நிறுத்தலாம் பெரியப்பா.”

பெரியப்பா கோட்டுப் பையிலிருந்து தன் எஃகு அளவுகோலை எடுத்தார். கண்ணுக்கு அருகே கொண்டுபோய், ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“யாரு அளந்தது?”

“அதானே, இன்னும் கேக்கலையேன்னு பார்த்தேன்,” என்றாள் அம்மா.

குண்டூசி சிரித்துக்கொண்டே விளக்கினாள். பையின் தோல் கொழுப்பால் ஆனது. அந்தக் கொழுப்பு மூலக்கூறுகளில் சிலவற்றின் தலையில் பாஸ்பேட் என்கிற சின்ன அடையாளம் ஒட்டியிருக்கும். அதை ஒட்டுவதற்கென்று சில நொதிகள். உரிப்பதற்கென்று சில நொதிகள்.

“முத்திரை,” என்றார் பெரியப்பா.

“முத்திரையேதான். பை வாயைத் திறந்து செய்தியைக் கொட்டிடும். அப்புறம் அந்தத் தோலை மறுபடி உள்ளே இழுத்துப் பை ஆக்கணும். அதுக்கு மேல புரதத்தால ஒரு கூடு வந்து உக்காரும். முத்திரை இருந்தாத்தான் கூடு உக்காரும். உள்ளே வந்ததும் முத்திரையை உரிச்சாத்தான் கூடு கழலும். கழன்றாத்தான் பை மறுபடி செய்தியை நிரப்பிக்கிட்டு வேலைக்குப் போக முடியும்.”

“உரிக்காம விட்டா?”

“கூட்டோட அப்படியே கிடக்கும். எவ்வளவு பை இருந்தும் பிரயோசனம் இல்லாமப் போயிடும்.”

“ஒரு பைக்கு இதெல்லாம் நடக்க எவ்வளவு நேரம்?”

“சுமாரா ஒரு நிமிஷம். சிலது அதைவிடச் சீக்கிரம். இப்ப இந்தக் கேள்வியைக் கேட்டீங்களே, அதுக்குள்ள உங்க தலையில எத்தனை பை திறந்து மூடிச்சுன்னு யாராலயும் எண்ண முடியாது.”

பெரியப்பா தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், தொப்பி பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. முப்பத்தாறு வருடத்தில் அவர் எத்தனை கற்களுக்கு முத்திரை வைத்திருப்பார்? சில லட்சம் இருக்கலாம். மொத்தத்தையும் கூட்டினாலும், அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் அவருடைய ஒரு விரலை அசைக்க நடக்கிற முத்திரை வேலைக்கு அருகில் வராது. தான் பிறப்பதற்கு முன்பே தனக்குள் தொடங்கி, ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல், மேலதிகாரி யாரும் வந்து பார்க்காமல் இவ்வளவு ஒழுங்கு நடந்துகொண்டிருக்கிறது. இதுவரை தெரியாது. தெரியாமலே ஓய்வும் பெற்றாகிவிட்டது. அவருக்கு வணங்கத் தோன்றியது. எந்தத் திசையில் என்றுதான் தெரியவில்லை.

(இந்த இடத்தில் குண்டூசியின் திருத்தம் ஒன்று, அவள் கேட்டுக்கொண்டபடி: முத்திரை என்பது ஓர் ஒப்புமைதான். அங்கே யாரும் எதையும் தெரிந்து செய்வதில்லை. ஒரு மூலக்கூறு இன்னொன்றில் பொருந்துகிறது, அவ்வளவே. — பெரியப்பாவின் பதில்: தெரியாமலே இவ்வளவு சரியாகச் செய்தால் மரியாதை கூடத்தான் வேண்டும்.)

4

அவள் கட்டுரை என்ன சொன்னது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

உரிக்கிற நொதிகளில் ஒன்று, பையின் தோலிலேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது என்று அவள் எழுதியிருந்தாள். சோதித்த விதம் எளிது. பைகளை வலுவான உப்புநீரில் கழுவினால், மேலே சும்மா ஒட்டிக்கொண்டிருப்பவை உதிர்ந்துவிடும். தோலில் பதிந்தவை மட்டும் நிற்கும். மூன்று முறை கழுவிப் பார்த்தாள். மூன்று முறையும் நொதி நின்றது. வரவேற்பறையில் தொங்கிய பக்கத்தின் சாரம் இதுதான்.

பேராசிரியையைப் பற்றி எழுதுகிறவருக்கு ஒரு தடுமாற்றம் இருந்தது. இப்படிப்பட்ட கதையில் ஒரு கெட்டவர் தேவைப்படுகிறார். நான்காவது வரைவில் பேராசிரியையின் உதட்டில் ஒரு வறண்ட சிரிப்பை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. அந்த அம்மாள் வெள்ளைக் கோட்டில் பிஸ்கட் தூளோடு வந்து, “உங்க பொண்ணு எங்க எல்லாருக்கும் பேர் வாங்கிக் குடுத்துட்டா” என்று மட்டும் சொன்னார். உங்கள் வீட்டுப் பெண் என்று சொல்லவில்லை, உங்க பொண்ணு என்றார். ஏற்கெனவே நேராக இருந்த பெரியப்பாவின் முதுகு இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்தது. இப்படிச் சொன்ன ஒருவரைக் கெட்டவராக்குவது எப்படி?

5

அப்போதுதான் குளிரறைக்காரர் வந்தார்.

“மேடம், ஒரு சின்னப் பிரச்சனை. லீவுல குளிரறைக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சு. நாலு டிகிரில நிக்க வேண்டியது, மைனஸ் ஆறுக்குப் போய் உக்காந்திருக்கு. உள்ள எல்லாம் பாறை.”

“மாதிரிகள்?”

“அது வேற பெட்டி, அதுக்கு ஒண்ணும் ஆகல. பாட்டில்ல இருக்கிற கரைசல்தான். நாலஞ்சு வெடிச்சிருக்கு.”

எல்லோரும் பார்க்கப் போனார்கள். *தடித்த கதவு திறந்ததும் வெண்மையான மூச்சு ஒன்று* — விட்டுவிடலாம், எல்லாக் குளிரறையிலும் அது வரும். அம்மா வாசலோடு நின்றுவிட்டாள். “எனக்கு ஏற்கெனவே தும்மல்” என்றாள். பேராசிரியையும் குளிரறைக்காரரும் வலது பக்க அலமாரியில் வெடித்த பாட்டில்களை எடுத்து வாளியில் போட்டார்கள். குண்டூசி இடது பக்கம் போனாள். பெரியப்பா அவள் பின்னால்.

பாட்டில் பாட்டிலாகத் தொட்டுக்கொண்டே போன அவள் கை ஒன்றில் நின்றது. பெரிய கண்ணாடிப் பாட்டில். ஒட்டிய சீட்டில் அவள் கையெழுத்து: உப்புநீர், பத்து மடங்கு. உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது.

எடைக்கல்லைத் திருப்பி, அடியில் ஈயம் தோண்டியிருப்பதைக் காட்டும்போது கடைக்காரர்களுக்கு ஒரு முகம் வரும். பெரியப்பா அந்த முகத்தை ஆயிரம் முறை பார்த்திருக்கிறார். இது அது இல்லை. கல்லைத் தானே திருப்பிப் பார்த்துவிட்ட ஒருவரின் முகம். இதற்கு முன்பு பார்த்ததில்லை.

“இது உறைஞ்சிருக்கக் கூடாது பெரியப்பா,” என்றாள் மெதுவாக.

“ஏன்? மத்ததெல்லாம் உறைஞ்சிருக்கே.”

“மத்ததுல உப்பு கம்மி. இது பத்து மடங்கு கெட்டி, தண்ணி கலந்துதான் கழுவ எடுப்போம். மைனஸ் ஆறுக்கெல்லாம் உறையாது, தண்ணியாத்தான் இருக்கணும். உறைஞ்சிருக்குன்னா இதுல அவ்வளவு உப்பு இல்ல. ஏற்கெனவே தண்ணி கலந்து முடிச்சதை யாரோ இதே பாட்டில்ல ஊத்தி வச்சிருக்காங்க.”

“சரி.”

“நான் அது மேல இன்னொரு பத்து மடங்கு தண்ணி கலந்தேன். உப்பு பத்து மடங்கு இருக்குன்னு நினைச்சுக்கிட்டு. மூணு தடவையும் இந்தப் பாட்டில்தான்.”

“யாரு ஊத்தினது?”

“தெரியாது. நானாக்கூட இருக்கலாம். சீட்டு என்னுது.” சீட்டை விரலால் ஒருமுறை தடவினாள். “நான் அந்தப் பையைக் கழுவவே இல்ல பெரியப்பா. சும்மா நனைச்சு எடுத்திருக்கேன்.”

பெரியப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அறிவியல் முழுவதும் இல்லை; சோதனை என்னவென்று அவருக்குத் தெரியும். எடைக்கல்லே தவறென்றால் அதை வைத்து நிறுத்த எதுவும் நிற்காது.

(யார் சீட்டையும் நம்பாமல் திருப்பி நிறுத்துப் பார்க்கிற வீட்டில் வளர்ந்த பெண் எப்படி இப்படி ஏமாந்தாள் என்று கேட்கலாம். அடுத்தவர் சீட்டாக இருந்திருந்தால் சோதித்திருப்பாள். இது தன் கையெழுத்து. தங்கள் கையெழுத்தைத் தாங்களே சோதிக்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. இந்தத் தவறை அவர்களால் மட்டும்தான் செய்திருக்க முடியும்.)

வேறு யாரும் கவனிக்கவில்லை. குளிரறை பழுதாகி எல்லாம் உறைந்துவிட்டது என்பதோடு மற்றவர்களுக்கு விஷயம் முடிந்தது. இயந்திரத்தை அணைத்தாயிற்று. மதியத்துக்குள் எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி தண்ணீராகிவிடும். உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும்.

6

இனி அந்த இடம்.

முதல் வரைவில் இருந்தது: *பெரியப்பா நிமிர்ந்து நின்றார். “இப்பவே போய் உங்க மேடம்கிட்ட சொல்லு. நம்ம வீட்டுல தப்பு எடை கிடையாது” என்றார். அவர் குரல் குளிரறையில் எதிரொலித்தது.* படிக்க நன்றாக இருக்கிறது. மீசைகூடத் துடிக்கிறது. நடக்கவில்லை.

மூன்றாவது வரைவில்: *பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. அவருடைய மௌனமே* — இதுவும் நடக்கவில்லை. பேசினார்.

ஐந்தாவது வரைவில் இந்த இடத்தில் ஒரு காலிப் பக்கம். மூன்று வாரம் காலியாகவே கிடந்தது.

இப்போது எழுதுவது: பெரியப்பா வலது பக்க அலமாரியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. வரவேற்பறைச் சட்டம் நினைவுக்கு வந்தது. அதைக் காட்டி எத்தனை பேரிடம் பேசியிருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. தம்பி நினைவுக்கு வந்தான், அவனுடைய ஒரே பிள்ளை இது என்பதும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கரைஞ்சா தண்ணிதானே. கதவைச் சாத்திட்டு வா.”

எழுதியாகிவிட்டது. அரை கிராம் குறைந்த கல்லுக்காக ஒரு குடும்பத்தின் கடையை ஒரு வாரம் பூட்டி வைத்தவர் சொன்னது இது.

குண்டூசி அவரைப் பார்த்தாள். கோபமில்லை. அந்தப் படத்தில் இருந்த வட்டங்களைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள், இது என்னவென்று தெரிந்துகொள்கிற பார்வை.

“கரைஞ்சிடும் பெரியப்பா,” என்றாள். “அதான் இப்பவே காட்டணும்.”

பாட்டிலைக் கோட்டோடு அணைத்து எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். “மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க.”

பேராசிரியை சீட்டைப் படித்தார். உள்ளே பார்த்தார். மறுபடி சீட்டைப் படித்தார். பிறகு பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

“எத்தனை தடவை?”

“மூணும்.”

பிறகு பேராசிரியை எழுந்து, “போட்டோ எடு, சீட்டு தெரியற மாதிரி. அண்ணே, தெர்மாமீட்டரைப் பக்கத்துல பிடிங்க. கரையறதுக்குள்ள,” என்றார்.

அம்மா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஐஸைப் போய் எதுக்கு போட்டோ எடுக்கிறீங்க? மாமா, என்ன ஆச்சு?” தம்பி மனைவி அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். மாமா கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில் அவருக்கு வியர்த்திருந்தது.

7

பதினேழு நாள். உப்பைப் புதிதாக நிறுத்து, கரைத்து, ஒவ்வொரு முறையும் சோதித்து, மறுபடி கழுவினாள். நொதி உதிர்ந்துவிட்டது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்ற கடிதத்தில் முதல் கையெழுத்து அவளுடையது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த உதவிப் பேராசிரியர் பதவி வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி வீட்டில் ஒரே ஒரு முறை சொன்னாள், தட்டில் சோறு போட்டுக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்கிற குரலில்.

பெரியப்பா அன்று கேட்டது வேறு. அதைத்தான் கேட்க முடிந்தது.

“அப்போ அந்த நொதி பையில இல்லையா?”

“இருக்கு பெரியப்பா. ஆனா குடியிருக்கல. வேலை இருக்கும்போது வருது, உரிக்குது, போயிடுது.”

“இத்தனை பையில எதுகிட்ட வரணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“தோல் வளைஞ்சிருக்கும் பாருங்க, அந்த வளைவைப் பிடிச்சுக்கிற புரதம் ஒண்ணு இருக்கு. அது கூப்பிடும். இதுவரைக்கும் தெரிஞ்சது அவ்வளவுதான். மிச்சம் தெரியல.”

“தெரியலன்னா?”

“யாருக்கும் தெரியல.”

அவள் எழுந்து போன பிறகும் பெரியப்பா கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். இடத்திலேயே பதிந்திருப்பது பெரிய விஷயம் என்றுதான் மூன்று மாதம் பெருமைப்பட்டார். ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தாயிரத்தில் ஒரு பங்கு இருக்கிற ஒரு பையின் வளைவைத் தேடி வந்து, தொட வேண்டியதை மட்டும் தொட்டு, அடையாளம் வைக்காமல் விலகிப் போகிறதே, இதற்கு என்ன பெயர் சொல்வது? தவறான கட்டுரையை விட உண்மை பல மடங்கு பெரியதாக இருந்தது. பாட்டில் கரைந்திருந்தால் இது அவருக்குத் தெரியாமலே போயிருக்கும். அவர் அப்படி நினைத்த நேரத்திலும் அது அவருக்குள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் சொன்னபடி விட்டது.

8

முடிவுக்குச் சில வழிகள் இருக்கின்றன.

அந்த நொதியின் வருகையைப் பற்றி குண்டூசி எழுதிய புதிய கட்டுரை பெரும்புகழ் பெற்றது என்று முடிக்கலாம். அது இன்னும் எழுதி முடியவில்லை.

பெரியப்பா அவளிடம் மன்னிப்புக் கேட்டார், அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் என்று முடிக்கலாம். கேட்கவில்லை. இந்தப் பக்கங்களை அவளிடம் கொடுப்பதே போதுமா, வாயைத் திறந்தும் கேட்க வேண்டுமா என்பது எழுதுகிறவருக்குத் தீரவில்லை. வாசிக்கிற நீங்கள் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பெரியப்பாவின் இடத்தில் வைத்து, தீர்ப்பை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

அவரால் செய்ய முடிந்தது ஒரு திருத்தம் மட்டும்.

உறவினர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அந்தப் பெண் மூடி மறைக்கப் பார்த்தாளாம். பெரியப்பா குளிரறையிலேயே வழிமறித்து நின்று, “சொல்லித்தான் ஆகணும்” என்று கட்டாயப்படுத்தினாராம். இல்லாவிட்டால் குடும்பத்தின் பெயர் அன்றோடு போயிருக்குமாம். இது அவர் முன்னாலேயே இரண்டு முறை சொல்லப்பட்டது. இரண்டு முறையும் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார், மறுக்கவில்லை.

அது தவறு. மூடி மறைக்கச் சொன்னவர் பெரியப்பா. பாட்டிலை எடுத்துக்கொண்டு போனவள் குண்டூசி.